பூனையும் கட்டையும்

போன கிழமை இங்கே டார்ம்ஸ்டாட்டில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"பதின்மூன்று வயதுப் பெடியன். பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் படிப்பிக்கினம் எண்டு பார்த்தால், பூனைப்படத்தை வைச்சுக் கட்டை அடுக்கிறான். பைதன் எல்லோ படிப்பிக்க வேணும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பூனையின் பெயர் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிச்சல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் வெளியிட்டது. ஒவ்வொரு கட்டளையும் ஒரு நிறக்கட்டை. 'பத்துமுறை திரும்பச் செய்' என்ற கட்டைக்குள் 'நகர்' என்ற கட்டையை வைத்தால் பூனை பத்துமுறை நகரும். பொருந்தாத கட்டை ஒட்டாது. மற்றப்படி சுழற்சி, நிபந்தனை, மாறி எல்லாம் பைதனில் உள்ள அதே சங்கதிகள்தான்.

இதன் அருமை எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் மற்ற வழியால் போனவன். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டுக் கம்பஸுக்குப் போனால், அங்கே 'சி' மொழி, பாடமும் ஆங்கிலத்தில். ஒரு செமிகொலன் விட்டுப்போனால் திரை நிறைய எரர், அதுவும் ஆங்கிலத்தில். பிழை என் யோசனையிலா, தட்டச்சிலா, ஆங்கிலத்திலா என்று பிரித்தறியத் தெரியாமல், என் மண்டைக்குள் ஒன்றுமில்லை என்று நானே முடிவுகட்டிவிட்டேன். படிப்பைப் பாதியில் விட்டதற்கு நாட்டு நிலைமைதான் காரணம் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் விட்டபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை யாருக்கும் சொன்னதில்லை.

கட்டையில் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடுமா? அமெரிக்காவில் டேவிட் வெயின்ட்ரொப் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். உயர்பள்ளி மாணவரில் ஒரு வகுப்பு ஐந்து வாரம் கட்டையில் படித்தது, மற்றது எழுத்தில். கட்டையில் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆர்வமும் கூட. பிறகு இரண்டு வகுப்பும் பத்து வாரம் ஜாவா படித்தபின் பார்த்தால் வித்தியாசம் இல்லை. அதாவது கட்டை மந்திரமும் இல்லை, நட்டமும் இல்லை.

சின்னப்பிள்ளைகளின் சாமான் என்பதும் சரியில்லை. யென்ஸ் மோனிக் என்ற ஜேர்மன்காரரும் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹார்வியும் சேர்ந்து செய்த ஸ்னாப்பும் கட்டைமொழிதான். பேர்க்லியில் பல்கலைக்கழக மாணவருக்கே அதில் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. கட்டையோடு நின்றுவிடக் கூடாது, எழுத்துக்கும் போகவேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. இங்கே பிரவுன்ஹோபர் நிறுவனம் 2014இல் தொடங்கிய ஓப்பன் ரொபெர்ட்டாவில், அடுக்கிய கட்டைகளின் எழுத்து வடிவத்தையும் திறந்து பார்க்கலாம். ஸ்கிராட்சில் ஜேர்மன் மொழியில் அடுக்கியதை ஒரு சொடுக்கில் ஆங்கிலத்துக்கு மாற்றலாம், நிரல் அப்படியே இருக்கும். எனக்கு மொழியும் யோசனையும் ஒன்றாய்ச் சிக்குப்பட்டுக் கிடந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கு இல்லை.

ஆகவே பெடியனிடம் "இதென்ன விளையாட்டு" என்று கேட்காதீர்கள். "இதை எப்பிடியடா செய்தனீ?" என்று கேட்டுப்பாருங்கள். அவன் விளங்கப்படுத்தினால் படிக்கிறான் என்று அர்த்தம்.

நண்பரும் இதை வாசிப்பார். கோவிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.