புல்தைலம் சேகரிக்கப்படுவதில்லை

வன விளைபொருள்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ஏறத்தாழ ஒரே மாதிரியான பட்டியல் ஒன்று இடம்பெறுவதுண்டு: தேன், மெழுகு, நெல்லி, கடுக்காய், குங்கிலியம், புல்தைலம். முதல் ஐந்தும் காட்டில் கிடைப்பவை. தேனெடுக்கப் பெருந்திறன் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் தேனைத் தேனாக்குவது தேனீ. புல்தைலத்தின் நிலை வேறு. காட்டில் கிடைப்பது புல் மட்டுமே. அதைத் தைலமாக்குபவர் அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் மனிதர். ‘சேகரிப்பு’ என்ற தலைப்பின்கீழ் அதைச் சேர்க்கும்போது, ஒரு தொழில்நுட்பமே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது.

ஆனைமலையின் மேற்குப் புறத்தில் பாலக்காட்டுப் பரம்பிக்குளமும், தென்கிழக்கில் இடுக்கியின் மறையூர், காந்தளூர், சின்னாறு பகுதிகளும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன. மழைமறைவுப் பகுதியான மறையூர்ப் பக்கத்துச் சரிவுகளில் எலுமிச்சை மணம் வீசும் ஒரு புல் வளர்கிறது. மலையாளத்தில் அது இஞ்சிப்புல். தாவரவியலில் சிம்போபோகன் பிளெக்சுவோசஸ். முதுவர், மலைப்புலையர் குடிகளில் இப்புல்லை அறுத்துத் தைலம் வடிப்பது நெடுநாளைய தொழில். கொச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் உலகச் சந்தையில் இதற்குக் ‘கொச்சின் எண்ணெய்’ என்றே பெயர் வழங்கிற்று. இதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால், நல்ல தைலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கும் அதற்கு மேலும் இருக்கும். பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து சிட்ராலைச் செயற்கையாக உருவாக்கும் முறை பரவியபின் இத்தொழில் பெரிதும் சுருங்கிவிட்டது.

இலையிலிருந்து மணத்தைப் பிரித்தெடுப்பதில் உள்ள சிக்கல் ஒன்றுதான்: சூடு வேண்டும், ஆனால் இலை கருகக்கூடாது. சிட்ராலின் கொதிநிலை ஏறத்தாழ 229 டிகிரி செல்சியஸ். உலர்ந்த இலையை அந்தச் சூட்டுக்குக் கொண்டுசெல்வது கருகலின் விளிம்பில் நிற்பதாகும். இதற்கு வடிகலத்தின் விடை நீராவி. ஒன்றோடொன்று கலவாத நீரும் எண்ணெயும் சேர்ந்து சூடாகையில் இரண்டின் ஆவியழுத்தங்களும் கூடுகின்றன. அக்கூட்டுத்தொகை காற்றழுத்தத்தை எட்டியதும் கலவை கொதிக்கிறது. எனவே தன் கொதிநிலையில் பாதிக்கும் குறைவான வெப்பத்திலேயே சிட்ரால் இலையை விட்டு வெளியேறிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் மறையூரில் நீரே 97 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும்.

மேலைநாடுகளில் உலர்மூலிகையை எரிக்காமல் ஆவியாக்கும் கையடக்கக் கருவிகளைப் பற்றி இன்று நுணுக்கமான விவாதம் நடக்கிறது. இந்தியாவில் ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கத் தரும் மின்னணுக் கருவிகளை 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம் விலக்கியிருப்பதால், அவை இங்கு வாங்கிப் பயன்படுத்துவதற்கு உரியவை அல்ல. ஆயினும் அவ்விவாதத்தின் கேள்விகள் கவனத்துக்குரியவை. அக்கருவிகளில் நீர் இல்லை. ஆகவே பெரும்பாலும் 160 முதல் 220 டிகிரிக்குள் சூட்டை நிறுத்தவேண்டும். சூடான சுவரைத் தொடும் இலை முதலில் கருகும். வெப்பக் காற்றை உள்ளே செலுத்தினால் சூடு சீராகப் பரவும். இலையை இறுக்கித் திணித்தால் காற்று நுழையாது. தளர்த்தி வைத்தால் காற்று ஒரே வழியில் ஓடிவிடும். மிகப் பொடியாக்கினால் வழி அடைபடும். இவற்றுக்குத் தீர்வு காண்பது அங்கே ‘வடிவமைப்பு’ எனப்படுகிறது.

இதே கேள்விகள் அனைத்தும் மறையூர்ச் சரிவின் அடுப்பிலும் உள்ளன. நீரில் அமிழ்ந்த புல் கலத்தின் அடியைத் தொட்டால் தீய்ந்து, தைலத்தில் கருகல் வாடை ஏறும். அதனால் நீருக்கு மேலே ஒரு தட்டு வைத்து அதன்மேல் புல்லை அடுக்கும் முறை வந்தது. தனிக் கொதிகலனிலிருந்து நீராவியைச் செலுத்துவது அதற்கடுத்த படி. புல்லை ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் அடுக்கினால் ஆவி தளர்ந்த வழியிலேயே போய்விடும். இறுக்கமான பகுதியின் தைலம் சக்கையோடு வீணாகும். அறுத்த புல்லைச் சிறிது வாடவிட்டால் ஈரம் குறைந்து, ஒரே கலத்தில் கூடுதல் புல் கொள்ளும். அளவுமீறி உலர்ந்தால் தைலமும் பறந்துவிடும். குளிர்விக்கும் தொட்டியின் நீர் சூடேறினால் ஆவி நீர்மமாகாமல் வெளியேறும். நூறு கிலோ பச்சைப்புல்லிலிருந்து அரைக் கிலோவுக்கும் குறைவான தைலமே கிடைக்கிறது. எந்தப் பிழைக்கும் அதில் இடமில்லை. எப்போது தீயைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது, குழாயின் முனையில் சொட்டுவதைக் கண்ணாலும் மூக்காலும் அளக்கத் தெரிந்தவரே.

தமிழ் இந்த வேறுபாடுகளை அறியாத மொழியன்று. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளில் வேதும் புகையும் தனித்தனியே எண்ணப்படுகின்றன: ஒன்றில் ஆவி, மற்றொன்றில் எரிதல். வடிகலத்துக்கு ‘வாலை’ என்றும், வடித்தெடுத்த நீருக்குத் ‘தீநீர்’ என்றும் சொற்கள் உண்டு. தீயின் அளவைக்கூடத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி எனப் படிநிலைப்படுத்தியிருக்கிறார்கள். மாறாக, பேச்சுவழக்கின் ‘தைலம் காய்ச்சுதல்’ இரு வேறு தொழில்களை ஒரே சொல்லுக்குள் மூடிவிடுகிறது. மூலிகையை எண்ணெயிலிட்டுக் கொதிக்க வைப்பதும் காய்ச்சுதல். புல்லிலிருந்து ஆவியாக எண்ணெயைப் பிரிப்பதும் காய்ச்சுதல். ஆய்வாளர் களத்தில் கேட்ட சொல்லை அப்படியே ஏட்டில் எழுதிவிட்டு, அதற்குப் பின்னாலிருக்கும் செயலைப் பிரித்தறியாமல் விட்டால், இழப்பு அறிவுத்துறைக்குத்தான்.

சட்டத்தின் மொழியும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(சி)-இல், மரபாகச் சேகரிக்கப்பட்டுவந்த சிறு வன விளைபொருள்களின்மீது உடைமையையும், அவற்றைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்றுத்தீர்க்க உரிமையையும் வழங்குகிறது. ‘ஆக்குதல்’ என்ற வினை அங்கே இல்லை. புல்தைலத்தை உற்பத்தி என்று அழைத்தால் அது இந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் விதிகளில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பதப்படுத்துதலையும் மதிப்புக் கூட்டுதலையும் விற்றுத்தீர்க்கும் உரிமைக்குள்ளேயே அடக்கிவிட்டது. ஆகவே தைலம் வடிப்பவரைத் தொழில்நுட்பர் என்று எழுதுவதால் எவருடைய உரிமையும் குறையப்போவதில்லை. உரிமையின் பொருள்தான் விரிவடையும்.

துருப்பிடிக்காத எஃகுக் கலன்களைக் கொடுத்தால் போதும், பழைய கைத்திறன் தேவைப்படாது என்று வாதிடுவோரும் உண்டு. அவ்வாதத்தில் ஒரு பாதி சரி. தனிக் கொதிகலன் கருகலைத் தவிர்க்கிறது. தைலத்தின் நிறமும் மணமும் மேம்படுகின்றன. எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951இல் தொடங்கிய ஆய்வு நிலையம் ‘சுகந்தி’ போன்ற ரகத்தை உருவாக்கியதும் பெரும் பணியே. ஆனால் நல்ல கலனும் நல்ல ரகமும் புல்லைத் தாமே அடுக்குவதில்லை; எத்தனை நாழிகை வாடவிடுவது என்பதை அன்றைய வெயிலைப் பார்த்துத் தீர்மானிப்பதுமில்லை. கருவியை வழங்கி, அதை இயக்கும் அறிவைப் பதிவு செய்யாத திட்டத்தில், பழுது நேர்ந்தால் குறை ‘பயனாளி’யின்மீதே எழுதப்படும்.

எனவே மானிடவியல், மொழியியல், பொருளியல் துறைகளின் ஆய்வு மாணவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கேள்விப்பட்டியலில் ‘எவ்வளவு சேகரித்தீர்கள்’ என்பதோடு ‘எப்படி வடித்தீர்கள்’ என்பதையும் சேர்க்கலாம். புல்லின் வாட்டம், அடுக்கின் இறுக்கம், தீயின் அளவு, நிறுத்தும் தருணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குடிகளில் வழங்கும் சொல்லை, சொன்னவரின் ஒப்புதலோடும் அவர் விரும்பினால் அவர் பெயரோடும் பதியலாம். தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லைப்பகுதியில் அச்சொற்கள் எந்த மொழிக்குரியவை என்ற வழக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். தைலத்தின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. அதை வடிப்பவரை ஏட்டில் என்ன பெயரிட்டு அழைப்பது என்பது ஆய்வாளரின் கையில் இருக்கிறது.