சும்மாவா இருக்கிறாள்?

காலை மணி பத்து. தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு தெரு. திண்ணையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சுளகு. சுளகில் பீடி இலையும் தூளும் நூலும். பக்கத்தில் சேலைத் தொட்டில். தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை.

கை பீடி சுற்றுகிறது. கால் தொட்டிலை ஆட்டுகிறது. காது அடுப்பங்கரையில் இருக்கிறது. அங்கே உலை கொதிக்கிறது!

அந்த வழியே வந்த உறவுக்காரப் பையன் மாமியாரிடம் விசாரிக்கிறான்:

"அத்தை, ஒங்க மருமக வேலைக்குப் போறாங்களா?"

"இல்லய்யா. பிள்ளை சிறுசுல்லா? சும்மா வீட்லதான் இருக்கா."

சும்மாவா இருக்கிறாள்?

இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கிற பேச்சு. ஒரு வீட்டில் பீடி. இன்னொரு வீட்டில் தையல் மிஷின். மதுரைப் பக்கம் பூக்கட்டுதல். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். திருப்பூரில் பனியனில் பிசிறு வெட்டுதல். தொழில் வேறு, கதை ஒன்றுதான். குழந்தையையும் பார்த்துக்கொண்டு, நாலு காசும் சம்பாதிக்கிறாள் தாய். ஆனால் அவள் "வேலைக்குப் போகவில்லை"யாம்!

இந்த வார்த்தையை முதலில் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. வார்த்தை மாறினால் என்ன வந்துவிடும் என்று கேட்காதீர்கள். வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. "சும்மா இருக்கிறாள்" என்று நினைத்தால், யாரும் அவளுக்கு ஒத்தாசை செய்ய மாட்டார்கள். "தொழில் செய்கிறாள்" என்று நினைத்தால், குழந்தையை ஒரு கை தூக்கிக்கொள்வார்கள்.

இரண்டு கை, மூன்று வேலை!

அவளுடைய ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை 2024ல் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. வீட்டு வேலை செய்கிற பெண்கள், 15 முதல் 59 வயது வரை உள்ளவர்கள், சராசரியாக நாளுக்கு 305 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதாவது ஐந்து மணி நேரத்துக்கும் மேல்! சமையல், துணி, பாத்திரம், தண்ணீர். இதற்குக் கூலி கிடையாது.

குழந்தையையும் முதியவர்களையும் கவனிப்பது தனி. அதைச் செய்கிற பெண்களுக்கு 140 நிமிடம் ஆகிறது. ஆண்களுக்கு 74 நிமிடம்.

இவ்வளவும் போக மிச்ச நேரத்தில்தான் அவள் சம்பாதிக்கிறாள். மிச்ச நேரம் எது? குழந்தை தூங்குகிற நேரம். தாயும் கொஞ்சம் கண்ணயர வேண்டிய நேரம்! ஆக, அவள் தன் தூக்கத்தை விற்றுத்தான் அந்தக் காசைக் கொண்டு வருகிறாள். இதை வீட்டில் உள்ளவர்கள் நினைத்துப் பார்ப்பது உண்டா?

நேரத்துக்கும் விலை உண்டு

தாய்மார்களே! நீங்களும் ஒரு தவறு செய்கிறீர்கள். கூலியை எண்ணுகிறீர்கள், நேரத்தை எண்ணுவதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு ரவிக்கை தைக்க 100 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். நூல், கொக்கி, கரண்டு எல்லாம் சேர்த்து 15 ரூபாய். கைக்கு நிற்பது 85 ரூபாய். வெட்டித் தைத்துக் கொக்கி வைக்க இரண்டரை மணி நேரம் ஆனால், மணிக்கு 34 ரூபாய்தான் கிடைக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, வேலை, செலவு, நேரம், வரவு. ஐந்து கட்டம் போதும். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டவர்களும் இதைச் செய்யலாம். ஒரு மாதம் எழுதினால், எந்த வேலையில் காசு நிற்கிறது, எந்த வேலையில் கை நோவுதான் மிச்சம் என்று தெரிந்துவிடும். "கூலி கட்டாது, அக்கா. பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேட்கத் தைரியமும் வரும்.

சட்டம் சொன்னது என்ன?

வீட்டில் இருந்து செய்தால் அது தொழில் ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பீடித் தொழிலாளர்களுக்காக 1966ல் ஒரு சட்டம் வந்தது. தொழிற்சாலையில் சுற்றினாலும், வீட்டுத் திண்ணையில் சுற்றினாலும் தொழிலாளி தொழிலாளிதான் என்றது அந்தச் சட்டம். முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு வருங்கால வைப்பு நிதிப் பிரச்சினை வந்தது. வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் அந்த நிதி உண்டு என்று 1985ல் அதே நீதிமன்றம் சொன்னது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது சேர்ந்துவிட்டது.

பீடிப் பெண்களுக்கு இந்த மதிப்பு சும்மா வந்துவிடவில்லை. "நாங்களும் தொழிலாளிகள்" என்று சங்கம் சேர்ந்து கேட்டார்கள், கிடைத்தது. மற்ற வீட்டுத் தொழில்களில் கேட்பவர் குறைவு. கிடைப்பதும் குறைவு.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. தையல் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குப் பிரசவ உதவி உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021ல் "இ-ஷ்ரம்" பதிவைத் தொடங்கியது. வீட்டில் இருந்து தொழில் செய்கிறவர்களும் அதில் சேரலாம். பதிவு செய்யும்போது "என்ன தொழில்?" என்று கேட்பார்கள். அங்கேயும் "சும்மா இருக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள்!

எண்பது ரூபாய்க் கடன்

வீட்டு வேலை என்றால் சில்லறைக் காசுதான் என்று நினைக்க வேண்டாம். ஒரு உண்மைக் கதையைக் கேளுங்கள்.

1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காம் என்ற பகுதி. ஏழு குடும்பப் பெண்கள் மொட்டை மாடியில் கூடினார்கள். கையில் இருந்தது 80 ரூபாய். அதுவும் கடன்! அதைக் கொண்டு அப்பளம் போட்டார்கள். முதல் நாள் நாலு கட்டு அப்பளம்தான் தேறியது.

அதுதான் இன்று ஊர் அறிந்த "லிஜ்ஜத்" அப்பளம். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்கள் வேலை செய்கிற முறையைக் கவனியுங்கள். மாவை நிலையத்தில் பிசைகிறார்கள். காலையில் பெண்கள் வந்து மாவை வாங்கிப் போகிறார்கள். வீட்டில் வைத்து இட்டுக் காய வைக்கிறார்கள். மறுநாள் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுக்கிறார்கள். கூலி அவர்கள் கைக்கே வருகிறது. லாபத்திலும் பங்கு உண்டு. நடுவில் தரகர் கிடையாது!

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தனியாக ஒருத்தி கேட்டால் கூலி உயராது. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் உயரும். மகளிர் சுய உதவிக் குழு பக்கத்திலேயே இருந்தால், அதை இதற்குப் பயன்படுத்துங்கள். கடன் வாங்க மட்டும் அல்ல. சரக்கை மொத்தமாக வாங்கவும், மொத்தமாக விற்கவும் குழு உதவும்.

எந்த வேலை வேண்டாம்?

எல்லா வேலையும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஏற்றது அல்ல.

பட்டாசு, திரி, வெடி மருந்து எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. எவ்வளவு கூலி கொடுத்தாலும் வேண்டாம். உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது சட்டப்படி குற்றம். ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும்.

பீடி வேலையிலும் எச்சரிக்கை தேவை. புகையிலைத் தூள் மூச்சோடு உள்ளே போகும். அதில் உள்ள நிகோடின் என்ற நஞ்சு தோல் வழியாகவும் ஏறும். தொட்டிலுக்குப் பக்கத்தில் சுளகை வைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். பால் கொடுக்கும் முன் சேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தையல் வேலை செய்யும் வீட்டில் ஊசி, கொக்கி, பொத்தான் எல்லாவற்றையும் மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். தவழ்கிற குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான்!

இன்னொரு ஆபத்து செல்போனில் வருகிறது. "வீட்டில் இருந்தே பென்சில் பாக்கெட் போடுங்கள். மாதம் முப்பதாயிரம்!" என்று செய்தி வரும். பதில் போட்டால், "பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பான். கட்டினால் இன்னும் கேட்பான். வேலை கொடுக்கிறவன்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் முன்பணம் கேட்கிறவன் மோசக்காரன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

குழந்தையை யார் பார்ப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. "வீட்டில் இருந்தே வேலை செய்தால் குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. குழந்தை கண்ணெதிரில் இருக்கும் என்பது சரி. ஆனால் மிஷினை மிதித்துக்கொண்டே குழந்தைக்குச் சோறு ஊட்ட முடியாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தால் இரண்டும் கெடும்.

ஆகவே, நாளுக்கு இரண்டு மணி நேரம் குழந்தையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யார்?

முதலில் அப்பா! வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வரலாம். அதில் ஆண்மை குறைந்துவிடாது. பிள்ளைக்கும் அப்பன் முகம் பழகும்.

பிறகு தாத்தா, பாட்டி. "எங்கள் காலத்தில் நாங்கள் செய்யவில்லையா?" என்று கேட்கும் மாமியாருக்கு ஒரு வார்த்தை. செய்தீர்கள், அம்மா. நீங்கள் பட்ட பாட்டை மருமகளும் பட வேண்டுமா?

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டால் அங்கன்வாடி மையம் இருக்கிறது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி இந்தத் திட்டம் தொடங்கியது. அங்கே சோறும் உண்டு. பாட்டும் விளையாட்டும் உண்டு. குழந்தையை அனுப்பத் தயங்காதீர்கள். அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு ஊருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று ஊராட்சியில் கேளுங்கள். அலுவலகம் போகிற பெண்ணுக்கு 26 வாரப் பிரசவ விடுப்பு என்று 2017ல் சட்டம் திருத்தினார்கள். நல்லது. திண்ணையில் வேலை செய்கிற தாய்க்கு ஒரு காப்பகமாவது கேட்கக் கூடாதா?

காசு யார் கையில்?

கடைசியாக ஒன்று. அவள் சம்பாதித்த காசு அவள் பெயரில் உள்ள கணக்கில் சேரட்டும். குடும்பச் செலவுக்குக் கொடுக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளாகக் கொடுக்கட்டும். மாதம் நூறு ரூபாயாவது அவளுக்கென்று நிற்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், யாரிடமும் கை நீட்டாமல் டாக்டரிடம் ஓட அந்த நூறு ரூபாய் உதவும்.

அடுத்த தடவை அந்த உறவுக்காரப் பையன் அதே தெரு வழியே வருவான். "மருமக வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்பான். மாமியார் இப்படிச் சொல்லட்டும்:

"அவ வீட்லயே தொழில் செய்யுதாய்யா. அதான் பிள்ளைய நான் வச்சிருக்கேன்!"