புழு தின்ற கோழியா? அந்தப் புழு என்ன தின்றது என்று கேளுங்கள்

கோழித் தீவனத்தில் புழு மாவு சேர்க்கலாம் என்றதும், 'உவ்வே, அந்த முட்டையை யார் சாப்பிடுறது?' என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. குப்பைமேட்டைக் கிளறும் நாட்டுக்கோழி அங்கே வேறென்ன தேடுதாம்? கோழிக்குஞ்சுக்குக் கரையான் பிடித்துப் போடுவது நம் கிராமங்களில் பழைய பழக்கம். ஒரு பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலைக்குப்பை எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் அதில் கரையான் மொய்த்துக் கிடக்கும். செலவில்லாத புரதம்.

இப்போது பேசப்படுவது இதையே பெரிய அளவில் செய்வது பற்றி. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழுக்களைக் காய்கறிக் கழிவில் வளர்க்கிறார்கள். நம் சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும் ஈ இல்லை இது. இரண்டு மூன்று வாரத்தில் புழு அறுவடைக்கு வந்துவிடும். காய்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம்; எண்ணெயைப் பிரித்தெடுத்தால் மாவில் 50-ஐத் தாண்டும். சோயா புண்ணாக்கில் 45 சொச்சம்தான்.

முட்டை உற்பத்திச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. சோயா விலை ஏறினால் நாமக்கல் பண்ணையாளரின் கணக்கு கவிழ்ந்துவிடும். 2021-ல் அப்படி எகிறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி தர வேண்டி வந்தது. கோழி, பன்றித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்ததும் அதே ஆண்டுதான்.

அனுமதியோடு ஒரு கடிவாளமும் உண்டு. ஹோட்டல் எச்சில், சாணம் போன்றவற்றைப் புழுவுக்குப் போடக் கூடாது. மாடுகளுக்கு வந்த 'மேட் கவ்' நோயில் சூடுபட்டவர்கள் அவர்கள். கடிவாளம் தேவைதான். இரையில் காட்மியம் இருந்தால் அது புழுவின் உடம்பில் சேரும். வறுத்தாலும் அரைத்தாலும் போகாது. பேட்டரியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாய்க் கிடக்கும் நம்மூர்க் குப்பையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கழிவே வேண்டாம் என்று தவிட்டைப் போட்டு வளர்த்தால், அந்தத் தவிட்டைக் கோழியே தின்னுமே, நடுவில் புழு எதற்கு? செலவும் கையைக் கடிக்கும். பிரான்ஸில் மீல்வார்ம் புழு வளர்த்த இன்செக்ட் நிறுவனம், கோடிக்கணக்கான யூரோ முதலீடு திரட்டியும், 2024-ல் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேட வேண்டியதாயிற்று. குளிர் நாட்டில் புழுவுக்குச் சூடேற்றவே காசு வேண்டும். நமக்கு வெயில் இலவசம்.

ஆகவே நம் வழி, தரம் பிரித்த கழிவு. கோயம்பேட்டில் மிஞ்சும் காய்கறி, ஜூஸ் கடைத் தோல், சேலம் ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பி. திப்பியில் புரதம் குறைவு, தனியாகப் போதாது. மாட்டுத் தீவனத்துக்கும் போட்டி இருக்கிறது. முதலில் புறக்கடைக் கோழியிலும் மீன் குட்டையிலும் பழகலாம்.

நாமக்கல் முட்டை சத்துணவுக் கூடத்துக்கும் போகிறது. புழுவுக்கு எந்தக் கழிவைப் போடலாம், மாவில் காட்மியத்தையும் ஈயத்தையும் யார் சோதிப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது என்கிற விதிகளை மானியம் அறிவிப்பதற்கு முன்பே அரசு எழுதி வைக்க வேண்டும்.