மஞ்சள் சட்டை ஜோஸ்யம்

நம் தேசத்தில் ஜோஸ்யம் சொல்லத் தெரியாதவர்கள் மிகவும் சொற்பம். மழை என்றைக்கு வரும், தேர்தலில் யார் ஜயிப்பார், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை அமைவான் என்பவற்றுக்கெல்லாம் திண்ணையிலேயே விடை கிடைத்துவிடும். "ஏன் அப்படி நினைக்கிறீர்?" என்று திருப்பிக் கேட்டால்தான் சங்கடம். பதில் சொல்ல வேண்டியவர் வெற்றிலைச் செல்லத்தைத் தேட ஆரம்பித்து விடுவார்.

இந்த "ஏன்?" என்ற கேள்விக்கென்றே ஏற்பட்டது போன்ற பந்தயம் ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி ஜூலை மாதத்தில் நடக்கும் ஸைக்கிள் பந்தயத்தைத்தான் சொல்கிறேன். 21 கட்டங்கள், நடுவில் இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் ஒருவர் முதலில் வருகிறார். ஆனால் முழுப் பந்தயத்தில் ஜயிப்பவர், எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் எவருடைய கூட்டுத்தொகை மிகவும் குறைவோ அவரே. ஒரு நாள்கூட முதலில் வராமல் முழுப் பந்தயத்தையும் ஜயித்துவிடலாம். கணக்கு உபாத்தியாயர் ஒருவருக்கு இதைவிட ரஸமான விளையாட்டு வேறென்ன வேண்டும்?

கடலூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பின்பற்றுவதும் கஷ்டமில்லை. கோடைக் காலத்தில் பிரான்ஸின் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி பின்னால் இருக்கிறது. அங்கே மாலை ஐந்து மணிக்கு வண்டிகள் எல்லைக் கோட்டை நெருங்கும்போது இங்கே இரவு எட்டரை. சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுதி முடிக்கும் நேரம்.

பத்திரிகை விற்பனைக்காகப் பிறந்த பந்தயம் இது. 1903-ல் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை, தன் போட்டிப் பத்திரிகையை முறியடிப்பதற்காக இதை ஆரம்பித்தது. புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர். முதலில் வந்த மோரீஸ் காரேன் இளம் வயதில் புகைபோக்கி சுத்தம் செய்து பிழைத்தவர். இரண்டாமவரை அவர் முந்திய நேரம் ஏறக்குறைய மூன்று மணி! அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாயிற்று; அதனால்தான் 1919 முதல் முன்னணியில் நிற்பவருக்கு மஞ்சள் சட்டை. மூன்று மணி வித்தியாஸம் என்பதெல்லாம் பழங்கதை. 1989-ல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், பிரெஞ்சுக்காரரான லொரான் ஃபினியோனைத் தோற்கடித்தது மூன்று வாரக் கணக்கில் 8 வினாடியால். அந்த 8 வினாடிக்குள் ஜோஸ்யக்காரன் எங்கே போய் நிற்பான்?

ஆயினும், யோசித்துப் பார்த்தால் பிடி கிடைக்காமல் போகவில்லை. அதற்கு நம் ஊர் ரஸ்தாவையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், பிறகு வெள்ளாற்றுப் பாலம். கேப்பர் மலையை விட்டு விட்டால் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. இந்த வழியில் ஸைக்கிளில் போன எவருக்கும் ஒரு விஷயம் தெரியும்: முன்னால் ஒருவன் மிதிக்க, அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பாதி வலிதான். காற்றை முன்னவன் உடைத்துக் கொடுக்கிறான். பெருங்கூட்டத்தின் நடுவில் போகிறவனுக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்பது சாதாரணக் கணக்கு. ஆகையால் சமதளத்தில் நாலைந்து பேர் கூட்டத்தை விட்டுத் தப்பி முன்னே ஓடினாலும், பின்னால் 150 பேர் முறை வைத்து மிதித்தால் பிடித்துவிடுவார்கள். பழைய பந்தய வீரரும் பிறகு பத்திரிகையாளராகவும் இருந்த ரொபேர் ஷப்பாத் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு வாய்பாடே சொல்லி வைத்தார்: பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம். அதாவது, எல்லைக்கு 40 கிலோமீட்டர் இருக்கையில் ஓடிப் போனவர்களுக்கு நான்கு நிமிஷ முன்னிலை இருந்தால் பிழைப்பார்கள். மூன்று நிமிஷந்தான் என்றால் பிடிபடுவார்கள். கடலூரில் தப்பியவன் சிதம்பரத்தில் தேர் வீதியை முதலில் மிதிக்க வேண்டுமானால் நாலரை நிமிஷம் கையில் இருக்க வேண்டும். இதை வகுப்பில் சொன்ன அன்று, விகித சமம் என்றால் தூக்கம் போடும் கடைசி பெஞ்சு முழுவதும் விழித்துக்கொண்டிருந்தது.

இது எதிர்க்காற்றின் கதை. பக்கக் காற்று வேறு. பிற்பகலில் நம் கரையில் கடற்காற்று எழும்பும். சிதம்பரம் நோக்கிப் போகிறவனுக்கு அது இடது தோளில் அறையும். அப்போது நேர் பின்னால் போவதில் பயனில்லை. முன்னவனுக்கு வலப்புறமாகச் சற்றுத் தள்ளிப் பின்தொடர வேண்டும். இப்படி ஒருவர் பின் ஒருவராகச் சாய்வான வரிசை அமைந்தால், பத்துப் பன்னிரண்டு பேருக்குள் ரஸ்தாவின் அகலம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் வந்தவர்கள் வலது ஓரத்து மண்ணில் ஒதுங்கி, மறைவில்லாமல் காற்றை வாங்கவேண்டியதுதான். சிறிது நேரத்தில் கூட்டம் துண்டு துண்டாகிவிடும். 2013-ல் ஒரு சமதள நாளன்று இப்படித்தான் நடந்தது. இரண்டாமிடத்திலிருந்த ஸ்பெயின் வீரர் வல்வேர்தேயின் சக்கரம் கெட்டது. மாற்றிக்கொண்டு புறப்படுவதற்குள் கூட்டம் காற்றோடு போயிற்று. அன்று அவர் இழந்தது ஏறக்குறைய 10 நிமிஷம். மஞ்சள் சட்டைக்காரரான கிரிஸ் ஃப்ரூமும் அதே நாளில் வேறொரு பிளவில் அகப்பட்டு 1 நிமிஷம் 9 வினாடி இழந்தார். மலைகளை மட்டும் பார்த்து ஜோஸ்யம் சொன்னவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள்.

மலைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது என்றாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரான்ஸின் காலிபியே கணவாய் 2,642 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஆல்ப் டுவெஸ் ஏற்றத்துக்கு 21 கொண்டை ஊசி வளைவுகள் என்று பிரமாதப்படுத்துகிறார்கள். நம் கொல்லிமலைக்கு 70! ஏற்றத்தில் வேகம் குறைவதால் பின்னால் ஒளிந்து போவதன் லாபமும் குறைந்துவிடுகிறது. உடல் கனமும் காலின் பலமுமே பேசும். ஆகவே மொத்தத்தில் யார் ஜயிப்பார் என்பதை மலைகளும், தனியாகக் கடிகாரத்தோடு ஓடும் நாட்களும் தீர்மானிக்கின்றன. மலேயாவில் 1996 முதல் நடந்துவரும் லங்காவிப் பந்தயத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். கெந்திங் மலையேற்றம் வந்த வருஷங்களில், அன்று முன்னால் வந்தவர்களை விட்டு வேறெங்கும் வெற்றியைத் தேடவேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படவில்லை. மலேயாவின் சார்பில் ஒலிம்பிக் வரை சென்ற குமரேசன் என்ற தமிழர் அந்நாட்டு ஸைக்கிள் உலகில் பெயர் பெற்றவர் என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தி. நம் தேசத்திலும் 2026 ஜனவரியில் புனா நகரைச் சுற்றி ஐந்து நாள், 437 கிலோமீட்டர் சர்வதேசப் பந்தயம் நடந்தது. நம் வாலிபர்கள் அயல்நாட்டாரின் சக்கரத்தை ஒட்டி ஓடிக் கற்றுக்கொள்ள நம் மண்ணிலேயே ஒரு பள்ளிக்கூடம் திறந்தாற்போல.

இவ்வளவும் தெரிந்த பின்னும் ஏன் ஜோஸ்யம் பொய்க்கிறது? 2025 மே மாதம் 31-ந் தேதி இத்தாலியப் பந்தயத்தில் நடந்ததைக் கேளுங்கள். கடைசிக்கு முந்திய நாள். முன்னணியில் மெக்ஸிகோவின் டெல் டோரோ, 21 வயதுப் பிள்ளை. 43 வினாடி பின்னால் ஈக்குவடாரின் கராபாஸ். 1 நிமிஷம் 21 வினாடி பின்னால் ஆங்கிலேயரான ஸைமன் யேட்ஸ். அன்றைய வழியில் ஃபினெஸ்த்ரே என்ற கணவாய். பதினெட்டரைக் கிலோமீட்டர் ஏற்றம். மேற்பாதியில் தார் இல்லாத சரளைக்கல் பாதை. இதே கணவாயில்தான் 2018-ல் யேட்ஸ் இளஞ்சிவப்புச் சட்டையை இழந்தார். ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தூரம் தனியாக ஓடி ஜயித்த அந்நாளில், யேட்ஸ் 38 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கினார்.

ஏழு வருஷம் கழித்து அதே இடத்தில் யேட்ஸ் முன்னே பாய்ந்தார். டெல் டோரோவும் கராபாஸும் பின்தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் யார் முன்னின்று காற்றை உடைப்பது? "நீ உழை, நான் பின்னால் வருகிறேன்" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகள் நிற்க, விளைந்த நெல்லை மூன்றாமவன் அறுத்துக்கொண்டு போன கதைதான். யேட்ஸ் ஐந்து நிமிஷத்துக்கு மேல் முந்தி வந்து சேர்ந்தார். மறுநாள் முழுப் பந்தயத்தையும் 3 நிமிஷம் 56 வினாடியில் ஜயித்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், பெயர்களை மறைத்து, நேரங்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, "யார் ஜயித்திருப்பார்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் முதல்வரையே சொன்னார்கள். ஒரு பெண் மட்டும், "ஸார், மூன்றாமவருடைய கட்சிக்காரர் யாராவது அதற்கு முன்னாலேயே ரஸ்தாவில் போய்க்கொண்டிருக்கிறாரா?" என்று கேட்டாள். போய்க்கொண்டுதான் இருந்தார்! வான் ஆர்ட் என்ற பெல்ஜிய வீரர் அன்று காலையிலேயே முன்னே தப்பியவர்களோடு சேர்ந்து போய், கணவாயைத் தாண்டி, யேட்ஸுக்காகக் காத்திருந்து, பள்ளத்தாக்கில் காற்றை உடைத்துக் கொடுத்தார். பெயர் பெற்ற விமரிசகர்கள் பலருக்கு மறுநாள் உதித்த யோசனை அது.

இவ்வளவு உற்சாகத்துக்கிடையே, சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்து படிக்கும் ஒரு பையனின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். "வாத்தியார் ஐயா, தாங்கள் பிள்ளைகளுக்குச் சூதாட்டம் கற்றுக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன், நிஜந்தானா?" என்று நிதானமாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை, ஏனெனில் அவர் பயம் வீண் பயமல்ல. என் பழைய மாணவன் ஒருவன், கணக்கில் சூரன், கிரிக்கெட் ஆட்டங்களில் கைத்தொலைபேசி வழியே பணம் கட்டி, நெல் விற்று வீட்டில் வைத்திருந்த தொகையெல்லாம் தொலைத்து, படிப்பையும் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். 2023-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமும், 2025-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கின்றன. ஆனால் தருமபுத்திரருக்குச் சட்டம் தெரியாமலா பகடையை எடுத்தார்?

நான் அவருக்குச் சொன்னது இதுதான்: பணம் கட்டியவனுக்கு, தான் நினைத்தது ஏன் தப்பிற்று என்று ஆராயப் பொறுமை இராது, இழந்ததை மீட்கும் அவசரமே மிஞ்சும். என் மாணவர்களுக்கோ தப்பிய பிறகுதான் பாடம் ஆரம்பிக்கிறது. அவர் தலையசைத்தார், முழுவதும் சமாதானமடைந்தார் என்று சொல்லமாட்டேன். அதன் பின், சரியாகச் சொன்னவருக்குப் பரிசாகக் கொடுத்துவந்த பென்சிலையும் நிறுத்திவிட்டேன்.

பணம் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தப் பந்தயத்தில் முடிவு என்பதே சில சமயம் முடிவல்ல. 2006-ல் பாரிஸில் மாலை சூடிய லாண்டிஸ் ஊக்க மருந்துக் குற்றத்தால் நீக்கப்பட, பெரேய்ரோ என்ற ஸ்பெயின்காரர் வெற்றி வீரரானார். அந்தப் பந்தயத்தின் நடுவில் ஒரு நாள், அவரால் அபாயமில்லை என்று கூட்டம் ஏறக்குறைய அரை மணி முன்னே போகவிட்டது. அந்த அரை மணிதான் காப்பாற்றியது. லான்ஸ் ஆர்ம்ஸ்டிராங் 1999 முதல் 2005 வரை பெற்ற ஏழு வெற்றிகளும் 2012-ல் பறிக்கப்பட்டன. அவற்றை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. ஏழு வருஷங்களுக்கு எதிரே வெற்றி வீரர் பெயர் காலியாகவே நிற்கிறது.

ஸ்லோவேனியாவின் பொகாச்சார் 2020, 2021, 2024, 2025 என நான்கு முறை ஜயித்தபின், "மொத்தத்தில் முதல்வர் யார்?" என்று கேட்பதில் சுவை குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். இரண்டாமவர் யார், இன்றைக்குத் தப்பியவர்கள் பிழைப்பார்களா என்று கேட்பதே ரஸம். பொகாச்சாரின் முதல் வெற்றியோ ஒருவரும் எதிர்பாராதது. கடைசிக்கு முந்திய நாள் 57 வினாடி பின்னாலிருந்து, தனி ஓட்டத்தில் ரோக்லிச்சை முந்தி, 59 வினாடியில் ஜயித்தார்.

வீட்டில் குழந்தைகளோடு முயன்று பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு எங்கள் நோட்டுப் புஸ்தக முறையைச் சொல்கிறேன். பந்தயம் புறப்படுமுன் மூன்று பத்திகள் எழுதவேண்டும். முதலாவது, பெயர். இரண்டாவது, காரணம், காரணமில்லாத பெயருக்கு மார்க்குக் கிடையாது. மூன்றாவது, எது நடந்தால் என் கணக்குத் தப்பும் என்பது. இந்த மூன்றாம் பத்தியைத்தான் பையன்கள் வெறுமையாக விட்டு விடுகிறார்கள். போன ஜூலையில் ஒருவன் மட்டும் நிரப்பியிருந்தான்: "முன்சக்கரம் குழியில் விழுந்தால்." அவன் தினமும் ஆலப்பாக்கத்திலிருந்து ஸைக்கிளில் வருகிறவன்.