ஏலத்துக்கு முன் வரைபடம்

காரைக்குடிக்குக் கடல் இல்லை. ஆனால் காரைக்குடி மண் கடலில் இருக்கிறது. தேனாறும் மணிமுத்தாறும் மழைக்காலத்தில் அரித்துச் செல்லும் வண்டல் கடைசியில் போய்ச் சேர்வது பாக் விரிகுடாவில். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது சோழமண்டலக் கரையோர நீரோட்டமும் தன் பங்குக்கு மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறது.

அந்த விரிகுடாவின் அடியில் எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார் எனும் பாறைத் தரை என்பது நாட்டுப்படகு மீனவர்களுக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடம் கோர்ட்டில் ஆவணமாகாது.

2005 ஜூலையில் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் இந்த விரிகுடா வழியாக 12 மீட்டர் ஆழத்துக்குக் கப்பல் கால்வாய் தோண்டப் பார்த்தது. தோண்டிய இடத்தில் மறுபடி எவ்வளவு வண்டல் படியும் என்ற கேள்வி கடைசிவரை ஓயவில்லை. 2024 நவம்பரில் கேரளத்தின் கொல்லத்துக்கு அப்பால் கடலடி மணல் ஏலத்துக்கு வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அதை எதிர்த்து அம்மாநில மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடலடியைப் பற்றிக் கரையோர மக்களிடம் பேச ஏல அறிவிப்பு வரை காத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

இங்கே ஏலத்துக்கு முன்பே கடலடி மண்ணின் வரைபடம் வேண்டும். ஆனால் பாக் விரிகுடாவின் அடியை வரைவது லேசான வேலையல்ல. பெரும்பகுதி 13 மீட்டருக்கும் குறைந்த ஆழம். ஆழம் குறைந்தால் சுலபம் என்று தோன்றும், உண்மை நேர்மாறு. ஒலியனுப்பிக் கடலடியை அளக்கும் எதிரொலிக் கருவி ஒரு ஓட்டத்தில் பார்க்கும் அகலம் ஆழத்தைப் போல் சில மடங்குதான். ஐந்து மீட்டர் தண்ணீரில் ஒரு தெருவின் அகலம்தான் தேறும்; பெரிய ஆய்வுக் கப்பலும் உள்ளே வர முடியாது. எதிரொலி வலுத்தால் மணல், மங்கினால் சேறு என்று ஊகிக்கலாம். அதை உறுதிசெய்ய, இரும்புக் கவ்வியை இறக்கி மண்ணை அள்ளிச் சலிக்க வேண்டும். 0.063 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய துகள் சேற்றுக் கணக்கு.

2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமானது. கடற்பசு மேயும் புல் வேரூன்றுவது இந்த அடிமண்ணில்தான். இழுவைமடி கிளப்பும் சேறு புல்லின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. ஆக, காப்பகத்துக்கும் முதல் தேவை மண் வரைபடமே.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இந்த விரிகுடாக் கரையிலுள்ள தொண்டியிலேயே இருக்கிறது. மாணவர்களும் மீனவர்களும் ஒரே படகில் போகட்டும். அரசு வாடகை தரட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை மண்ணெடுத்தால்தான் பருவத்தோடு நகரும் மணல் பிடிபடும். வரைபடம் தமிழில், மீனவர் சொல்லும் இடப்பெயர்களோடு, முதலில் மீனவர் சங்கங்களுக்குப் போக வேண்டும். சுரங்கத் துறைக்கு அதன் பிறகு அனுப்பலாம்.