செத்த தேசத்துக்கு யார் திதி கொடுப்பது?

2017 ஆகஸ்ட் மாதம் ரஷ்யா ஒரு பழைய பாக்கியை அடைத்தது. சுமார் 12.5 கோடி டாலர். பெற்றுக்கொண்டது போஸ்னியா. இதில் வேடிக்கை என்னவென்றால், கடன் பட்டது ரஷ்யா இல்லை, சோவியத் யூனியன். கடன் கொடுத்தது யுகோஸ்லாவியா. வாங்கின தேசமும் போய்ச் சேர்ந்துவிட்டது, கொடுத்த தேசமும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாக்கி மட்டும் கால் நூற்றாண்டு தாண்டியும் கல்லுக்குண்டாக உயிரோடு இருந்திருக்கிறது. சோவியத் யூனியன் விட்டுவிட்டுப் போன வெளிநாட்டுக் கடன்களில் கடைசி ஐட்டம் அதுதான்.

செத்துப்போன தேசங்களைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தேசம் சாகலாம். அதன் கணக்கு அத்தனை சுலபத்தில் சாகாது. எல்லைக்கோடு, கடன், அகதி, பாஸ்போர்ட், யார் யாரைக் கொன்றார்கள் என்கிற வழக்கு, எல்லாம் வாரிசுகள் தலையில் விடியும்.

சரி, அந்தக் கணக்கை யார் எழுதி வைக்கிறார்கள்?

உயிரோடு இருக்கிற நாட்டுக்கு ஆயிரம் ஆள் உண்டு. தூதரகம் இருக்கிறது. புள்ளிவிவரத் துறை இருக்கிறது. சுற்றுலாத் துறை வழவழ தாளில் கலர் படம் போட்டுப் பெருமை பேசும். ஏதாவது தப்பாக எழுதினால் மறுநாளே மறுப்பு வரும். செத்த நாட்டுக்கு யார் இருக்கிறார்கள்? கிழக்கு ஜெர்மனி 1990 அக்டோபர் 3-ம் தேதியோடு முடிந்துவிட்டது. செக்கோஸ்லோவாகியாவை 1993 ஜனவரி 1 அன்று சத்தமில்லாமல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரஷ்யாவின் கதை இன்னும் மோசம். போரில் ஜெயித்த நேச நாடுகள் 1947 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டு அதை ஒழித்தன. அட்லஸ் கம்பெனிக்காரன் அடுத்த பதிப்பில் கலரை மாற்றிவிட்டுப் போய்விடுவான். பிரிட்டானிகா கலைக்களஞ்சியமோ 2012-ல் அச்சுப் பதிப்புக்கே முழுக்குப் போட்டுவிட்டது.

மிச்சம் இருப்பது விக்கிபீடியா. அதிலே உட்கார்ந்து, சம்பளம் வாங்காமல், பேர் கூடப் போட்டுக்கொள்ளாமல், செத்த தேசங்களுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம்.

ஆங்கில விக்கிபீடியாவில் 'விக்கித் திட்டம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து சங்கம் மாதிரி இயங்குவார்கள். கிரிக்கெட்டுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, பறவைகளுக்கு ஒன்று. அப்படி முன்னாள் நாடுகளுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. வேலை என்ன? எந்தெந்த நாட்டுக்குக் கட்டுரை இல்லை என்று பட்டியல் போடுவது. இருக்கிற கட்டுரைக்கு மார்க் போடுவது. குறுங்கட்டுரை என்பது கடைசி பெஞ்ச், சிறப்புக் கட்டுரை என்பது முதல் ரேங்க். அப்புறம், எல்லாக் கட்டுரைக்கும் வலது பக்கம் ஒரே மாதிரி ஒரு பெட்டி. தலைநகரம், மொழி, மதம், நாணயம், ஆட்சிமுறை, பிறந்த வருஷம், இறந்த வருஷம். முக்கியமாக, முன்னால் அங்கே இருந்த நாடு எது, பின்னால் வந்த நாடு எது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தாலே பிடித்துவிடும். ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு. போன வருஷத்து இறுதி இருப்பு இந்த வருஷத்து ஆரம்ப இருப்போடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம். சோவியத் யூனியன் பக்கத்தில் வாரிசு என்று 15 நாடுகளைப் போட்டால், அந்த 15 பக்கத்திலும் சோவியத் யூனியன் வந்தாக வேண்டும். தனி ஆளாக எழுதுகிறவன் கண்ணுக்குத் தப்புகிற ஓட்டை, பத்துப் பேர் ஒரே படிவத்தில் எழுதும்போது பல்லிளித்துவிடும். கூட்டு வேலையின் லாபம் இதுதான்.

ஆனால் பெட்டி பொய்யும் சொல்லும்.

யுகோஸ்லாவியா எப்போது செத்தது, சொல்லுங்கள் பார்க்கலாம். 1941-ல் ஹிட்லர் படை புகுந்தபோதா? 1991-ல் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பிய்த்துக்கொண்டு போனபோதா? 1992-ல் செர்பியாவும் மான்டினிக்ரோவும் சேர்ந்து, 'நாங்கள்தான் யுகோஸ்லாவியா' என்று போர்டு மாட்டிக்கொண்டன. ஐ.நா. ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக மனுப் போட்டு வா என்றது. 2000-ல்தான் உள்ளே விட்டது. 2003-ல் அந்தப் பேரையும் கழற்றினார்கள். 2006-ல் மான்டினிக்ரோவும் தனிக்குடித்தனம் போய்விட்டது. பெட்டியில் இருப்பதோ ஒரே ஒரு கட்டம்: முடிந்த வருஷம். ஒரு மனிதன் சாவுக்கே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் நாலு பக்கம் வருகிறது. ஒரு தேசத்துக்கு நாலு இலக்கம் போதுமா?

இங்கேதான் நம் ஊர் மேதாவிகள் எழுந்து நிற்பார்கள். "அதுதான் சார், கண்டவனும் எழுதினால் இப்படித்தான். வரலாறு என்ன சமபந்தி போஜனமா?"

டான்சிக் விவகாரத்தைச் சொல்கிறேன். நாவலாசிரியர் குந்தர் கிராஸ் பிறந்த ஊர் டான்சிக். லெக் வலேசா கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்த ஊர் கதான்ஸ்க். இரண்டும் ஒரே ஊர். முதலாவது ஜெர்மன் பெயர், இரண்டாவது போலந்துப் பெயர். நடுவில் 1920-லிருந்து 1939 வரை அது எந்த நாட்டிலும் சேராத சுதந்திர நகரம், அதாவது அதுவும் ஒரு முன்னாள் தேசம். விக்கிபீடியாவில் இவர் ஒரு பெயர் எழுதுவார், அவர் அழித்து வேறு பெயர் போடுவார். ராத்திரி பகல் பார்க்காமல் அடிதடி. கடைசியில் 2005-ல் ஓட்டுப் போட்டார்கள். 1308-லிருந்து 1945 வரை நடந்ததைச் சொன்னால் டான்சிக். அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க். எதை எழுதினாலும் முதல் தடவை வரும்போது இன்னொரு பெயரையும் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். முடிந்தது பஞ்சாயத்து.

யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்காரனும் ஒரே பக்கத்தில் எழுத முடிந்தது. இரண்டு உலகப் போர்களில் மாட்டிக்கொண்ட ஓர் ஊரின் பெயரை, முகம் தெரியாத ஆட்கள் கீபோர்டு தட்டியே தீர்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு தெருப் பெயரை மாற்ற எத்தனை பஸ் கண்ணாடி உடைகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிந்ததா என்றால், இல்லை. முடியாத இடத்தைத்தான் நாம் பயந்து பார்க்க வேண்டும்.

1941-லிருந்து 1945 வரை 'குரோஷிய சுதந்திர அரசு' என்று ஒன்று இருந்தது. பேரில்தான் சுதந்திரம். நிஜத்தில் ஹிட்லரும் முசோலினியும் ஆட்டி வைத்த பொம்மை. அதை நடத்திய உஸ்தாஷா கும்பல் யாசெனோவாட்ஸ் என்ற இடத்தில் ஒரு வதைமுகாம் வைத்திருந்தது. செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள், எதிர்த்துப் பேசிய குரோஷியர்கள் எல்லோரையும் அங்கே கொண்டுபோய்க் கொன்றார்கள். அங்கே இருக்கிற நினைவகம் பெயர் பெயராகச் சேகரித்து வைத்திருக்கிற பட்டியலில் மட்டும் 83,000-க்கும் மேல் ஆட்கள்.

குரோஷிய மொழி விக்கிபீடியாவில் இந்தச் சங்கதி எப்படி இருந்தது தெரியுமா? கொலைக்களத்தைச் சும்மா ஏதோ தொழிலாளர் முகாம் மாதிரி பூசி மெழுகியிருந்தார்கள். ஒரு சின்னக் கோஷ்டி நிர்வாகப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்டவனை எல்லாம் தடை செய்து வெளியே தள்ளியது. சுமார் பத்து வருஷம் இது நடந்தது. 2013-ல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே, 'பிள்ளைகளே, நம் மொழி விக்கிபீடியாவை நம்பாதீர்கள்' என்று சொல்ல வேண்டியதாயிற்று. 2021-ல் விக்கிமீடியா அறக்கட்டளை அறிக்கை வெளியிட்டு நடந்ததை ஒப்புக்கொண்டது.

அதே தேசத்தைப் பற்றி ஆங்கிலப் பக்கத்தில் இப்படிப் பூசி மெழுக முடியவில்லை. ஆங்கிலக்காரன் யோக்கியன் என்பதாலா? கிடையாது. அங்கே செர்பியனும் வருவான், குரோஷியனும் வருவான், இரண்டு பேரையும் தெரியாத கனடாக்காரன் ஒருவன் வந்து 'ஆதாரம் எங்கே?' என்பான். 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவன் எழுத்தை அழித்தால் தடை என்று விதி இருக்கிறது. அதை அமல்படுத்த ஆள் இருக்கிறது. யுகோஸ்லாவியா உடைந்த பிறகு, கிட்டத்தட்ட ஒரே மொழியைப் பேசுகிறவர்கள் செர்பியம், குரோஷியம், போஸ்னியம், செர்போ-குரோஷியம் என்று நாலு விக்கிபீடியா வைத்துக்கொண்டார்கள். நாலு வீடு, நாலு கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றானது.

ஆகவே மேதாவிகளே, 'கண்டவனும் எழுதுவதால்' கெட்டுப் போகவில்லை. கண்டவனும் எழுத வராததால்தான் கெட்டுப் போனது.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். தமிழ் விக்கிபீடியா 2003-ல் தொடங்கியது. ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் தொடர்ந்து எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? எட்டுக் கோடிக்குக் குறையாத பேர் பேசுகிற மொழிக்கு, வெட்கப்படுகிற அளவுக்குக் கொஞ்சம். ஆள் குறைந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் புகுந்து தாழ்ப்பாள் போடலாம். இன்றைக்குப் போடவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

முன்னாள் தேசம் நம்மிடமும் குறைச்சல் இல்லை. யாழ்ப்பாண ராஜ்ஜியம் 1619-ல் போர்ச்சுகீசியரிடம் விழுந்தது. கண்டி 1815-ல் ஆங்கிலேயரிடம் போனது. அம்மன் காசு என்று சொந்தமாக நாணயம் அடித்த புதுக்கோட்டை 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. ஆனால் நம் தேசபக்தர்களுக்கு இதெல்லாம் சின்ன மீன். அவர்களுக்குச் சோழ சாம்ராஜ்யத்தின் வரைபடம் வேண்டும். அதுவும் ராஜேந்திர சோழன் காலத்து வரைபடம்தான் வேண்டும். 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை போனது உண்மை. அதற்காகச் சுமத்ரா முழுக்கச் சோழர் கலர் அடிக்கலாமா? படையெடுத்தது வேறு, உட்கார்ந்து வரி வசூலித்தது வேறு. ஸ்ரீவிஜயமும் ஒரு முன்னாள் தேசம்தான், அதற்கும் உரிமை கொண்டாட இந்தோனேஷியாவில் ஆள் இருக்கிறார்கள் என்கிற நினைப்பே நமக்கு வருவதில்லை.

கொடி இன்னொரு கூத்து. சோழருக்குப் புலிச்சின்னம் உண்டு, செப்பேட்டு முத்திரையில் இருக்கிறது. ஆனால் இன்ன சிவப்பு, இன்ன நீள அகலம் என்று எவர் பார்த்தார்? பெட்டியில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரில் கொடி வரைந்து ஒட்டுவது, கணக்கு உதைக்கிறது என்று பொய் வவுச்சர் போடுவதற்குச் சமம். மக்கள்தொகையும் அப்படித்தான். இந்தியாவில் முதல் சென்சஸே 1872-ல்தான். ராஜராஜனுக்கு எந்த எண்ணிக்கையை எழுதுவீர்கள்? காலியாக இருந்தால் காலியாகவே விடுவது நேர்மை.

கோயிலில் அன்னதானம் போடும்போது கவனித்திருப்பீர்கள். பாயசம் பரிமாற நான் நீ என்று போட்டி. எச்சில் இலை எடுக்க ஆள் தேட வேண்டும். வரலாறு எழுதுவதிலும் இதே கதைதான். போர், வெற்றி, வீரம் எழுத ஆயிரம் பேர் வருவார்கள். நிலவரி எவ்வளவு, எந்த ஒப்பந்தம் எந்தத் தேதி, அந்தத் தேதிக்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் ஆதாரம் என்று சரிபார்க்க ஆள் கிடையாது. முன்னாள் நாடுகள் திட்டம் மாதிரியான ஏற்பாடுகளின் பெருமை பாயசத்தில் இல்லை. இலை எடுக்கிறதுக்கும் ஒரு பட்டியல் போட்டு ஆள் வைத்ததில் இருக்கிறது. தன்னார்வம் என்றால் தோன்றியதைத் தோன்றிய நேரத்தில் செய்வது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் ஒழுங்கு இரண்டு மடங்கு வேண்டும். ஏனென்றால் அங்கே தட்டிக் கேட்க முதலாளி இல்லை.

இதெல்லாம் கம்ப்யூட்டர்க்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்க முடியாது. உங்கள் பெண் நாளைக்குப் பள்ளிக்கூட அசைன்மென்ட்டுக்கு அங்கேதான் போகப்போகிறாள். கேட்ட கேள்விக்கு மணிமணியாகப் பதில் சொல்கிறதே செயற்கை நுண்ணறிவு, அது படித்து வளர்ந்த பாடப்புத்தகங்களில் விக்கிபீடியாவும் ஒன்று. அங்கே ஏறின பொய், ஊர் ஊராகப் போய்க் குடித்தனம் நடத்தும். பிறகு அதைப் பிடிக்க முடியாது.

பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைகளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 'நம்பகத்தன்மை இல்லை' என்று கருத்தரங்கத்தில் பேசிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மாணவருக்கு ஆளுக்கொரு செத்த சமஸ்தானம் கொடுங்கள். பத்து வரி எழுதச் சொல்லுங்கள். வரிக்கு ஓர் ஆதாரம் கேளுங்கள். தேசபக்தர்களுக்கும் ஒன்று. எதிராளி எழுதியதை அழிக்க வேண்டாம். அவன் ஆதாரத்துக்கு மேல் நல்ல ஆதாரமாக ஒன்று கொண்டுவாருங்கள். அதற்கு நூலகத்துக்குப் போக வேண்டும். வெயில் கொஞ்சம் அதிகம்தான்.

செத்தவர்கள் எழுந்து வந்து மறுப்பு வெளியிட மாட்டார்கள். யாசெனோவாட்ஸில் செத்த 83,000 பேருக்கு ஓட்டு இல்லை, வக்கீல் இல்லை, தூதரகம் இல்லை. பத்து வருஷம் அவர்கள் சாவையே சிலர் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். தட்டிக் கேட்க அந்தப் பக்கத்தில் போதுமான ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.