தறியை விற்றா தீயணைப்பது?

தென்னேரியிலே பட்டு நெய்யும் தோழர் ஒருவர் கேட்டார்: "தறியை விற்றாவது மகனைத் தீப்பாதுகாப்புப் படிப்பிலே சேர்க்கட்டுமா? முடித்ததும் வேலை என்கிறார்களே!"

என்கிறார்கள் — யார்? கட்டணம் வாங்குகிறவர்கள்!

கணக்குப் பாரும் தோழரே! தமிழக அரசின் தீயணைப்பாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்பே போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது, அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய், பயிற்சி அரசுடையது. பட்டமேதான் வேண்டுமா? 1956-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாகபுரியில் இருக்கிறது. பொறியியல் பட்டமே தருகிறது.

படிப்பு வீண் என்றா சொல்கிறேன்? 2004-இல் கும்பகோணத்துப் பள்ளியிலே 94 பிஞ்சுகள் கருகினவே, மறப்போமா! கற்றவன் தேவை. ஆனால் ஒரகடத்து ஆலைகள் அவனுக்கு என்ன கூலி தருகின்றன? சென்ற ஆண்டு முடித்த பையன்களைத் தேடிப்பிடித்து, சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லும். அதுவரை தறி வீட்டிலேயே இருக்கட்டும்.